பிடிவாதமும் விடாமுயற்சியும்: ஆங்கிலச் சொற்கள் சில

ஒரு பொருள் குறித்த பல சொற்கள் எல்லா மொழிகளிலும் உள. எனினும், அவை ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கத்தக்கன அல்ல. ஆங்கிலத்தில் பிடிவாதத்தைச் சுட்டும் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். அகராதியைப் புரட்டும் மாணவர்க்கு அவற்றுள் பலவற்றிற்கும் 'பிடிவாதமான' என்னும் ஒரே பொருளே கிடைக்கிறது.

'ஸ்டப்பர்ன்' என்பது பொதுச்சொல். அது மனித இயல்பையும் குறிக்கும். எளிதில் போகாத கறையையும் குறிக்கும். பிறர் தக்க காரணம் காட்டியும் தம் கருத்தை மாற்ற மறுப்பவர் 'ஆப்ஸ்டினேட்'. 'ஆப்டியூரேட்' என்பது, கடினம் எனப் பொருள்படும் 'டூரஸ்' என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. எதற்கும் இளகாத கல்நெஞ்சை உணர்த்துவது. 'ரிகால்சிட்ரன்ட்' என்பதன் வேர் குதிகாலைக் குறிப்பது; உதைத்துத் திமிறும் விலங்கைப்போல் கட்டுக்கு அடங்காமையை அது காட்டும்.

இனி, போற்றும் சொற்களைக் காண்போம். 'டாகெட்' நாயின் பெயரடியாகப் பிறந்ததாயினும், இடர் கண்டு தளராத முயற்சியையே இன்று சுட்டுகிறது. 'டெனேஷியஸ்', பற்றுதலைக் குறிக்கும் 'டெனேரே' என்னும் இலத்தீன் வினைவழி வந்தது. நம் 'பிடிவாதம்' என்னும் சொல்லிலும் 'பிடி' அமைந்திருப்பது நோக்கத்தக்கது. ஆயினும் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் புகழ்ச்சி. தமிழ்ச்சொல் பெரும்பாலும் பழிப்பு. அதே இலத்தீன் வேரினின்று பிறந்த 'பெர்டினேஷியஸ்', பிறரைச் சலிப்படையச் செய்யும் விடாப்பிடியைக் குறிக்கிறது. வேர் ஒன்றாயினும் தீர்ப்பு வேறாகிவிடுகிறது.

இத்தீர்ப்பு எங்கிருந்து வருகிறது? 1948ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலியில் அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் இதனை மூவிடங்களில் வைத்து நகைச்சுவையுடன் விளக்கினார். தன்மையில் அது மனவுறுதி; முன்னிலையில் பிடிவாதம்; படர்க்கையில் மூடத்தனம். செயல் ஒன்றே, சொல்வோர் நோக்கே வேறு.

ஒரு மாணவர்க்கு நற்சான்றிதழ் எழுதும் ஆசிரியர் 'டெனேஷியஸ்' என எழுதினால் அவர்க்கு வாயில் திறக்கும். அதே இயல்பை 'ஆப்ஸ்டினேட்' என எழுதினால் அவ்வாயில் அடைபடும். ஆதலின், சொல்லைத் தேருமுன் நாம் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். அவர் பற்றி நிற்பது எதனை? தக்க காரணம் காட்டிய பின்னும் பற்றி நிற்கின்றாரா? இவற்றிற்கு விடை காணாது நாம் எழுதும் சொல் அவர்தம் இயல்பைக் காட்டாது. நம் விருப்பு வெறுப்பையே காட்டும்.