சூரையின் பசி

கரை காணாத பெருங்கடலில், நீலம் ஒன்றே விரிந்து கிடக்கும் ஒரு வேளையில், திடீரென்று ஓரிடத்து நீர் மட்டும் உலையாகக் கொதித்து, சிறு மீன்கள் கூட்டங்கூட்டமாக மேலே துள்ளி, எங்கிருந்தோ ஆலாப் பறவைகள் கூச்சலிட்டு வந்து குவியுமானால், அங்கே சூரைகள் இரைகொள்கின்றன என்று மீனவர் நிச்சயித்துவிடுவர். கீழிருந்து சூரைகள் விரட்ட, சிறு மீன்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒரே திரளாகச் சுருண்டு மேலே ஏறி, நீர்மட்டத்துக்கு அப்பால் ஓட வழியின்றி அகப்பட்டுக்கொள்கின்றன. ஆழத்தில் மூழ்கத் தெரியாத ஆலாவுக்கோ, சூரை மேலே தள்ளிவிடும் இந்த இரையே ஜீவனாதாரம்.

இத்தனை ஆவேசமான பசி இம்மீனுக்கு ஏன் என்று கேட்டால், அதன் சரீர அமைப்பே அதற்கு விடை சொல்லும். வாயைத் திறந்தபடி இடைவிடாது நீந்தினாலன்றிச் செவுள்களின் வழியே நீர் பாயாது. ஆகையால் சூரை நின்றால் மூச்சும் நின்றுவிடும். அன்றியும், மீன்கள் யாவும் குளிர்ந்த இரத்தமுடையவை என்ற பொது விதிக்கு இது விலக்கு. இலங்கையில் முன்னர் பணியாற்றிய ஜான் டேவி என்னும் ஆங்கில வைத்தியர், சூரை இன மீனொன்றின் உடலில் சுற்றியுள்ள நீரைவிட ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் மிகுதியான உஷ்ணம் இருந்ததாக 1835இல் அறிவித்தார். தசைகளிலிருந்து திரும்பும் வெப்பமான இரத்தமும், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த இரத்தமும் நுண்ணிய குழாய்களில் எதிரெதிராக, பக்கம் பக்கமாக ஓடுவதால், உஷ்ணம் கடலுக்குப் போகாமல் உடலுக்குள்ளேயே திருப்பப்படுகிறது. சூடேறிய தசைகள் வேகமாகவும் சோர்வின்றியும் இயங்குகின்றன; ஆனால் அந்த வசதிக்குரிய விலையை ஆகாரத்தால்தான் செலுத்தியாக வேண்டும்.

அந்த ஆகாரம் இன்னதென்று அறிய விஞ்ஞானிகள் கையாளும் முறை எளிமையானது. பிடிபட்ட மீனின் இரைப்பையைக் கிழித்துப் பார்ப்பார்கள். மாமிசம் கரைந்து போயிருந்தாலும், கணவாயின் கொம்புபோன்ற அலகும், மீன்களின் செவிக்குள் இருக்கும் சிறு கற்களும் எளிதில் ஜீரணமாவதில்லை; அவற்றின் வடிவைக்கொண்டே விழுங்கப்பட்டது எந்த இனம், எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுகிறார்கள். கணவாய், பறவைக்கோலா, நண்டின் இளம் உயிர்கள், உடலில் ஒளிப்புள்ளிகள் தாங்கிய ஆழ்கடல் மீன்கள் ஆகியவற்றோடு சிறிய சூரைகளும் அங்கே கிடப்பதுண்டு. தன் இனம், பிற இனம் என்று பேதம் பாராட்டாமல், அகப்பட்டதை உண்பதே அதன் தர்மம்.

ஒளிப்புள்ளி மீன்கள் பகலில் ஆழத்தில் பதுங்கி, இரவில் உணவு தேடி மேலே வருபவை. பெருங்கண் சூரை என்னும் இனம் அவற்றின் அட்டவணையையே தன் அட்டவணையாகக் கொண்டு, பகலில் 300 முதல் 500 மீட்டர் ஆழம்வரை இறங்கியும், இரவில் மேல்மட்டத்தில் உலவியும் வேட்டையாடுகிறது. வெயில் காணும் கடலையும் இருள் சூழ்ந்த கடலையும் இவ்விதம் ஒரே வயிற்றில் அது இணைத்துவிடுகிறது.

அச்சூரையே, முட்டையிலிருந்து வெளிப்பட்ட நாட்களில், சில மில்லிமீட்டர் நீளமுள்ள அற்ப ஜீவன். கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் மிதவை உயிர்களைத் தின்று, தானும் பல்லாயிரம் வாய்களுக்கு இரையாகி, தப்பிப் பிழைத்தவை மட்டும், தம்மைத் தின்ற இனங்களையே பின்னர் தின்னுகின்றன. உண்ணப்படும் உணவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்கு உடலாக ஏறுகிறது என்பது உத்தேசமான கணக்கு. ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்கர் 1942இல் வெளியான கட்டுரையில் இத்தகைய சக்திக் கணக்குக்கு அடிகோலினார். இதன்படி, ஒரு கிலோ சூரைக்குப் பின்னே பத்துக் கிலோ சிறு மீனும், அதன் பின்னே நூறு கிலோ மிதவை உயிரும், அதற்கும் பின்னே ஆயிரம் கிலோ நுண்தாவரமும் நிற்கின்றன. இதே படிக்கட்டில்தான் பாதரசமும் ஏறி, உச்சியிலிருக்கும் பெருமீனில் அதிகமாகத் திரள்கிறது.

இந்தப் பசியை ஆயுதமாக்கிக்கொண்டவர்கள் லட்சத்தீவின் மினிக்காய் மீனவர்கள். தீவைச் சூழ்ந்த காயலில் பிடித்த சிறு மீன்களை உயிரோடு படகில் சுமந்து சென்று, வயிற்றில் வரிகளையுடைய சூரைக் கூட்டத்தின் நடுவே வீசி, தண்ணீரையும் மழைபோல் தெளிப்பார்கள். இரையும் துளியும் கலந்த அந்தக் குழப்பத்தில் மதிமயங்கிய சூரை, இரை கோக்காத தூண்டிலையும் கவ்வும். முள்ளில் எதிர்முனை இல்லாததால், தூக்கிய வேகத்தில் அது தானே கழன்று படகில் விழும். நம் சமையலறைக்கு வரும் மாசிக்கருவாடு இவ்வாறு பிடித்த சூரையிலிருந்து ஆவதே. காயலில் சிறு மீன் கிடைக்காத நாளில் அவர்களுடைய தூண்டில்கள் சும்மா கிடக்கும். ஆகவே சூரையைப் பாதுகாப்பதென்றால் சூரையைப் பிடிப்பதற்கு வரம்பு வகுப்பது மட்டும் போதாது. அது எதைத் தின்று வளர்கிறதோ அந்தச் சிறு மீனையும் அதே கணக்கில் எழுதியாக வேண்டும். ஒரே கடலில் பெரியதையும் அதன் ஆகாரத்தையும் சேர்த்து வாரிக்கொள்பவன், ஒரே நிலத்துக்கு இரட்டை வரி விதிப்பவனாவான்.