டபுள் கிளேஸ் ஜன்னல்ல புகை மூட்டமா? 1.86 லட்சம் கொட்டேஷனுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நம்ம சேனல் பார்க்கிற ஒருத்தர் ஒரு கொட்டேஷனை அனுப்பி, "இதுக்கு பெர்சனல் லோன் எடுக்கலாமா?"ன்னு கேட்டிருந்தார். அவர் பெங்களூர்ல வேலை பார்க்கிறார். அப்பா அம்மா தக்கலைல. வீடு நாகர்கோவில் – திருவனந்தபுரம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறதால, பஸ், டிப்பர் சத்தம் உள்ள வரக்கூடாதுன்னு கட்டும்போதே 11 ஜன்னலுக்கும் யுபிவிசி பிரேம், இரட்டைக் கண்ணாடி. இப்போ எட்டு வருஷம் ஆச்சு. மூணு கதவுல கண்ணாடிக்கு உள்ளேயே பனி படிஞ்ச மாதிரி மங்கல். ரெண்டு கைப்பிடி சும்மா சுத்துது. ஒரு கதவு மூடவே மாட்டேங்குது.

பார்க்க வந்தவர் சொன்ன தீர்வு: "இதை ரிப்பேர் பண்ண முடியாது, 11-ஐயும் மாத்திடலாம். 1,86,000 ரூபாய். இஎம்ஐ இருக்கு, டாக்ஸ் பெனிஃபிட்டும் உண்டு."

நான் ஆடிட்டர், ஜன்னல் மெக்கானிக் இல்ல. ஆனா ஒரு கொட்டேஷன்ல எது தேவை, எது தேவையில்லைன்னு பிரிக்கணும்னா, அந்தப் பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல தெரியணும். அதனால கொஞ்சம் கண்ணாடி, கொஞ்சம் பூட்டு, அப்புறம் கணக்கு.

மங்கினது கண்ணாடியா, ஜன்னலா?

டபுள் கிளேஸ்ங்கறது ரெண்டு கண்ணாடி. நடுவுல 12 மி.மீ. மாதிரி ஒரு இடைவெளி. ஓரம் சுத்தி ஒரு அலுமினியப் பட்டை, அதுக்குள்ள ஈரத்தை உறிஞ்சுற குட்டிக் குட்டி மணிகள். பட்டையைச் சுத்தி ரெண்டு அடுக்கு சீல். 5 மி.மீ. கண்ணாடி ரெண்டு, நடுவுல 12 மி.மீ. இடைவெளின்னா மொத்தம் 22 மி.மீ. தடிமன். இந்த மொத்தமும் சேர்ந்து ஒரே யூனிட். பிரேமுக்குள்ள உட்கார வச்சு, மேல பீடிங் அடிச்சிருப்பாங்க, அவ்வளவுதான்.

சீல் எங்கயாவது விட்டுப்போனா வெளிக்காத்து உள்ள போகும். நம்ம மாவட்டத்துக் காத்துல ஈரத்துக்குக் குறைச்சலா? மணிகள் முடிஞ்ச வரைக்கும் உறிஞ்சும். அது நிறைஞ்சதும் உள்பக்கம் ஈரம் படிய ஆரம்பிக்கும். துடைச்சுப் பாருங்க. வீட்டுக்குள்ளேயிருந்து துடைச்சாப் போச்சுன்னா உள் ஈரம். வெளியேயிருந்து துடைச்சாப் போச்சுன்னா, ராத்திரி முழுக்க ஏசி ஓடினதால படிஞ்ச பனி. ரெண்டுமே கோளாறு இல்ல. ரெண்டு பக்கமும் துடைச்சும் போகலைன்னா சீல் போச்சு. அதுல ஓட்டை போட்டுக் காய வைக்கிறேன்னு யாராவது சொன்னா வேண்டாம். மங்கல் கொஞ்ச நாளைக்குப் போகலாம், போன சீல் திரும்பி வராது.

ஆனா கவனிங்க, போனது கண்ணாடி யூனிட் மட்டும்தான். பீடிங்கைக் கழட்டி, அதே அளவுல புது யூனிட் செஞ்சு வச்சு, பீடிங்கைத் திரும்ப அடிச்சா முடிஞ்சுது. சுவரை உடைக்க வேண்டாம், பிரேமைத் தொட வேண்டாம். டஃபன்ட் கண்ணாடின்னா பதப்படுத்தின பிறகு வெட்டவே முடியாது. அதனால அகலம், உயரம், மொத்தத் தடிமன் மூணையும் மில்லிமீட்டர்ல, பொருத்தப்போறவரே வந்து அளக்கணும். பாட்டி வீட்டு ஜன்னல்ல ஒத்தைக் கண்ணாடி மாத்தின மாதிரி நினைச்சு நீங்களே இறங்காதீங்க. ரெண்டு ஆள் தூக்குற கனம் அது.

சரி, சீல் ஏன் போகுது? வயசு ஒரு காரணம். நம்ம ஊருக்குப் பெரிய காரணம் தண்ணி. யுபிவிசி பிரேமோட அடிப்பக்கத்துல, வெளிப்புறமா, சின்ன நீளத் துளைகள் இருக்கும். மழைத்தண்ணி பிரேமுக்குள்ள கொஞ்சம் போறது சகஜம்தான், அது வடியறதுக்குத்தான் அந்தத் துளை. குளவி மண்கூடு கட்டியிருக்கும், பெயின்ட் அடிச்சவர் பட்டி பூசி மூடியிருப்பார், இல்லன்னா தண்ணி வருதேன்னு நாமளே சிலிக்கான் வச்சு அடைச்சிருப்போம். உள்ள தேங்குற தண்ணில யூனிட்டோட அடி ஓரம் மாசக்கணக்கா ஊறும். எந்த சீலும் அதைத் தாங்காது.

தமிழ்நாட்டுல நிறைய இடத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் முக்கியம். நமக்கு ஜூன்லயும் உண்டு, அக்டோபர்லயும் உண்டு. அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை, மே கடைசியிலயும் செப்டம்பர் கடைசியிலயும், ஒரு ஈர்க்குச்சியால அந்தத் துளைகளைக் குத்திவிடுங்க. உள்பக்கத் தடத்துல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, வெளிய வடியுதான்னு பாருங்க. செலவு பூஜ்யம்.

பூட்டு: மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சோதனை

கைப்பிடி இறுக்கமா இருக்கா? ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, காத்துலயே கைப்பிடியைத் திருப்பிப் பாருங்க. திறந்திருக்கும்போது லேசாத் திரும்பி, மூடினா மட்டும் முரண்டு பிடிச்சா பூட்டுல கோளாறு இல்ல. கதவு தன் கனத்துல கொஞ்சம் இறங்கியிருக்கு, பூட்டு தன் கொண்டியில போய் நேரா விழல. கீல் ஸ்க்ரூவை இறுக்கி, தேவைப்பட்டா கண்ணாடிக்கு அடியில இருக்கிற பிளாஸ்டிக் பேக்கரைச் சரி பண்ணி, கதவைத் தூக்கி நிறுத்துனாப் போதும். இதைப் புரிஞ்சுக்காம பலம் போட்டுத் திருப்பித்தான் நிறைய பேர் உள்ள இருக்கிற கியர்பாக்ஸை உடைக்கிறாங்க. 200 ரூபாயில முடியுற வேலை அங்கதான் பெருசாகுது.

கைப்பிடி சும்மா சுத்துதா? மூடியைத் திருப்பினா பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ தெரியும், முதல்ல அதை இறுக்குங்க. அப்பவும் சுத்தினா, கதவு ஓரத்துல ஓடுற உலோகப் பட்டியைப் பாருங்க. கைப்பிடி திரும்பும்போது பட்டியில இருக்கிற குமிழ்கள் மேலும் கீழுமா நகரணும். நகரலன்னா கியர்பாக்ஸ் போச்சு. பழசைக் கழட்டிக் கையோட கடைக்குக் கொண்டு போங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சதுரத் தண்டோட நீளம் மட்டும் வேற இருக்கும்.

மூடியும் காத்து வருதா, லாரி சத்தம் கேக்குதா? அந்தக் குமிழ்கள்ல பல மாடல்ல அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. ஆலன் கீ வச்சுக் கொஞ்சம் திருப்பினா கதவு ரப்பரோட இன்னும் இறுக்கமா அழுந்தும். சத்தத்துக்காக ஜன்னல் போட்டவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். 4க்கு 4 அடி ஜன்னல்ல ஒரு பக்கம் முழுக்க 1.2 மி.மீ. இடைவெளி விட்டிருந்தா, அது மொத்தப் பரப்புல வெறும் 0.1%தான். ஆனா அந்த ஒரு கீற்று இருக்கிற வரைக்கும், எவ்வளவு ஒசத்தி கண்ணாடி போட்டாலும் 30 டெசிபலுக்கு மேல தடுக்காது. புதுக் கண்ணாடிக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரப்பரையும் கொண்டியையும் பாருங்கன்னு சொல்றது அதனாலதான்.

ஸ்லைடிங் ஜன்னல்னா சுலபம். தடத்தை பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, கதவோட அடி ஓரத்துல இருக்கிற ஸ்க்ரூவைத் திருப்பி ரோலரைச் சமம் பண்ணினா, ஏறுக்குமாறா நிக்கிற பூட்டு பெரும்பாலும் தானா விழும்.

எண்ணெய் விஷயம். நம்ம வீட்டுல எதுக்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தான். பூட்டுக்கு மட்டும் வேண்டாம். கொஞ்ச நாள்ல பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். உலோகப் பாகத்துக்கு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரே. குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையோரம் வீடுன்னா உப்புக்காத்துல கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாசம் ஒருக்கா நல்ல தண்ணித் துணியால துடைங்க. மாத்தும்போது 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் கேளுங்க, 304-ஐ விட உப்பை நல்லாத் தாங்கும்.

இப்போ கணக்கு

ரேட் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக சதுர அடிக்கு 350 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு கதவு 8 சதுர அடி, மூணு கதவு 24. கண்ணாடி 8,400. பொருத்துற கூலி 1,500. ரெண்டு கைப்பிடி, ஒரு கியர்பாக்ஸ், கீல் வேலை சேர்த்து 2,500. மொத்தம் 12,400. ஜிஎஸ்டி 18% சேர்த்தா 14,632 ரூபாய்.

அவர் கையில இருந்த கொட்டேஷன் 1,86,000. அதை 13% வட்டியில மூணு வருஷ பெர்சனல் லோனா எடுத்தா மாசம் சுமார் 6,270 ரூபாய் இஎம்ஐ. வட்டி மட்டும் சுமார் 39,600. ரிப்பேர் முழுக்க முடிச்சாலும் அந்த வட்டியில பாதிகூட ஆகல.

"புதுசு போட்டா கரன்ட் பில் குறையும்"னு சொல்வாங்க. ஒத்தைக் கண்ணாடியில ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு சுமார் 5.8 வாட் வெப்பம் உள்ள வரும். சாதா டபுள் கிளேஸ்ல சுமார் 2.8. உள்ள வெளிய 6 டிகிரி வித்தியாசம்னு தாராளமாவே வச்சாலும், 1.5 சதுர மீட்டர் ஜன்னல்ல மிச்சம் 27 வாட் வெப்பம். அதை வெளிய தள்ள ஏசிக்கு ஏறக்குறைய 9 வாட் கரன்ட் போதும். தினம் 8 மணி நேரம், 365 நாளும் ஓடினா 26 யூனிட். யூனிட் 7 ரூபாய்னா வருஷத்துக்கு ஒரு ஜன்னலுக்கு 185 ரூபாய்கூட இல்ல. டெல்லி வெயில், குளிர் வேற கதை. தக்கலையில இரட்டைக் கண்ணாடி சத்தத்துக்கு சரி, கரன்ட் பில்லுக்கு இல்ல. நேரடி வெயில் விழற ஜன்னலுக்கு ஒரு நல்ல சன்ஷேடு பண்றதை சாதாக் கண்ணாடி ரெண்டு அடுக்கு போட்டாலும் பண்ணாது. பக்கத்துலயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கு, போய்ப் பாருங்க. தாழ்வான கூரை, மரச்சட்ட ஜன்னல், மந்திரசாலையில நிற அபிரகம். வெளிச்சத்தை வடிகட்டி, காத்தை உள்ள விட்டிருக்காங்க.

அடுத்து அந்த "டாக்ஸ் பெனிஃபிட்". ரிப்பேருக்கு நீங்க செலவு பண்ற பணத்துக்கு எந்தக் கழிவும் கிடையாது, 80சி-யிலயும் வராது. நீங்க குடியிருக்கிற உங்க வீட்டு ரிப்பேருக்குக் கடன் வாங்கினா, பழைய வரி முறையில வட்டிக்கு மட்டும் வருஷம் 30,000 வரைக்கும் கழிவு. அதுவும் வீட்டுக்கடன் வட்டியோட 2 லட்சம் வரம்புக்குள்ளதான். புது வரி முறையில இருக்கீங்கன்னா பூஜ்யம். இவர் கேஸ்ல வீடு அப்பா பேர்ல, கடன் மகன் பேர்ல, வரி புது முறையில. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணும் கிடைக்காது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா, நிகர வாடகையில 30% எப்படியும் கழியும். ரிப்பேர் பண்ணாலும் அவ்வளவுதான், பண்ணாட்டியும் அவ்வளவுதான்.

பழைய பில்லை எடுத்துப் பாருங்க. "10 வருஷ வாரன்ட்டி"ன்னு பெருசாப் போட்டிருக்கும், அது பிரேமுக்கு. கண்ணாடி யூனிட்டுக்கும் பூட்டுக்கும் தனித்தனியா, குறைவா இருக்கலாம். வாரன்ட்டிக்குள்ள சீல் போயிருந்து, விற்றவர் கண்டுக்கலன்னா 1915 நுகர்வோர் உதவி எண்ல முதல்ல புகார் பண்ணுங்க. அதுக்கப்புறம் நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலேயிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

வீட்டு இன்சூரன்ஸ் மங்கலுக்கு வராது, தேய்மானம்னு தள்ளிருவாங்க. ஆனா 2017 நவம்பர் கடைசியில ஒக்கி அடிச்ச மாதிரி புயல்ல கண்ணாடி உடைஞ்சா வேற. 2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில புயல் சேதம் உண்டு. உடைஞ்சதை அள்ளிக் கொட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க.

நீங்க வாடகைக்கு இருந்தா

ஊர்ல அப்பா அம்மா வீடு இப்படின்னா, சென்னையில நீங்க இருக்கிற அபார்ட்மென்ட்லயும் இதே ஜன்னல்தான் இருக்கும். ரிப்பேர் செலவு யாருது? பல பேருக்கு இது ஆச்சரியமா இருக்கும். தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியிலேயிருந்து நடைமுறையில இருக்கிற வாடகைச் சட்டத்தோட இரண்டாம் அட்டவணைப்படி, ஜன்னல் கைப்பிடி, பூட்டு மாத்துறது, கொசுவலை மாத்துறது, ஜன்னல் கண்ணாடி மாத்துறது எல்லாம் வாடகைதாரர் கணக்கு. கட்டிடத்தோட பெரிய ரிப்பேர், வெள்ளையடிக்கிறது மாதிரி வேலைகள் உரிமையாளர் கணக்கு.

ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்க வழி இருக்கு. "டபுள் கிளேஸ் யூனிட் சீல் கோளாறு, பூட்டு கியர்பாக்ஸ் மாற்றம் உரிமையாளர் பொறுப்பு"ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. எட்டு வருஷம் பழசான சீல் நீங்க குடிவந்த மூணாவது மாசம் போச்சுன்னா, அதுக்கு நீங்க ஏன் 3,000, 4,000 கட்டணும்? சாவி வாங்குற அன்னைக்கே ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடி, ரெண்டு பக்கமும் துடைச்சுப் பார்த்து, மங்கினது இருந்தா வீடியோ எடுத்து அன்னைக்கே உரிமையாளருக்கு மெயில் பண்ணிடுங்க. வாட்ஸ்அப்ல மட்டும் விட்டா, அடுத்த போன் மாத்தும்போது அது எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.