34 ஓவர், 163 ரன், 0 விக்கெட்: அடில் ரஷீத் கதை

2015 அக்டோபர், அபுதாபி. பிராட்ஃபோர்டுல பிறந்த லெக் ஸ்பின்னர் அடில் ரஷீத்துக்கு முதல் டெஸ்ட். எதிர்ல பாகிஸ்தான், ஷோயப் மாலிக் 245 அடிக்கிறார். நம்ம ஆளு 34 ஓவர் போட்டு 163 ரன் கொடுத்தார், ஒரு விக்கெட்கூட இல்ல. அறிமுக டெஸ்ட்ல விக்கெட்டே எடுக்காம அவ்வளவு ரன் அதுக்கு முன்னாடி யாரும் கொடுத்ததில்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சர்வரைப் படுக்க வச்ச மாதிரி. எனக்கு அந்த வயிறு கலங்குறது தெரியும், ஆனா என்னை டிவில காட்டல.

கடைசி நாள் அதே பிட்ச்ல அதே ஆள் 64 ரன்னுக்கு 5 விக்கெட். பாகிஸ்தான் 173-க்கு காலி. இங்கிலாந்துக்கு 99 ரன் வேணும், 74 அடிச்சப்போ வெளிச்சம் போயிடுச்சு, மேட்ச் டிரா. 1959-ல டாமி கிரீன்ஹோ லார்ட்ஸ்ல இந்தியாவுக்கு எதிரா 5 எடுத்ததுக்கு அப்புறம், டெஸ்ட்ல ஒரு இங்கிலாந்து லெக் ஸ்பின்னர் 5 விக்கெட் எடுத்தது அன்னிக்குத்தான். 56 வருஷம்!

ஏன் இவ்வளவு வறட்சி? லெக் ஸ்பின்னுக்கு மணிக்கட்டு முழுசா சுத்தணும். பந்தை விடுறது கொஞ்சம் பிசகினாலும் ஃபுல்டாஸ், இல்லன்னா ஷார்ட் பால். ஏப்ரல் மாசக் குளிர்ல விரல் விறைச்சுக் கிடக்கும், பிட்ச்ல ஈரம் இருக்கும். கவுண்டி கேப்டன் கையில நாலு வேகப்பந்து வீச்சாளர் இருந்தா, இவரை எதுக்குக் கூப்பிடப் போறார்?

2018 தொடக்கத்துல, இனிமே யார்க்‌ஷயருக்கு வெள்ளைப் பந்து மட்டும்தான்னு ரஷீத் முடிவெடுத்தார். அதே வருஷம் இந்தியா தொடருக்கு டெஸ்ட் டீம்ல எடுத்தாங்க, பெரிய சர்ச்சை ஆச்சு. லார்ட்ஸ்ல மனுஷன் பேட் பிடிக்கல, ஒரு பந்துகூட வீசல, கேட்ச் எடுக்கல. டீம் இன்னிங்ஸ் வெற்றி! ஆனா ஓவல்ல, 149 அடிச்சு நின்ன ராகுலுக்கு லெக் ஸ்டம்புக்கு ரொம்ப வெளியே குத்தின பந்து திரும்பி வந்து ஆஃப் ஸ்டம்பைத் தட்டுச்சு. யூட்யூப்ல பாருங்க, ரெண்டு தடவை பார்த்தாத்தான் நம்புவீங்க.

மொத்தம் 19 டெஸ்ட், 60 விக்கெட். 2019 ஜனவரியோட அது முடிஞ்சுது. என்னைக் கேட்டா அதை அவரோட தோல்வின்னு எழுத மாட்டேன். டெஸ்ட்ல ரன் போகுதுன்னு குறை சொன்ன அதே மெதுவான பந்துதான் ஒருநாள் மேட்ச்ல ஆயுதம். அங்க பேட்ஸ்மேன் அடிச்சே ஆகணும், கூக்ளி எதுன்னு பார்த்துக் காத்திருக்க நேரம் இல்ல.

2019 உலகக்கோப்பை வந்துச்சு. 2021-ல துபாய்ல வெஸ்ட் இண்டீஸ் 55-க்கு சுருண்டப்போ இவர் கொடுத்தது 2 ரன், எடுத்தது 4 விக்கெட். 2022 மெல்போர்ன் டி20 ஃபைனல்ல பாபர் ஆசம் கூக்ளியைப் படிக்காம இவர் கையிலேயே கேட்ச் கொடுத்தார். அந்த ஓவர்ல ஒரு ரன்கூட போகல.