சம்பளம் கூடியதே குற்றம்

தொழிலாளி ஒருவர் வேலை இழப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. வியாபாரம் குன்றினால் ஆட்குறைப்பு வரும். புதிய இயந்திரம் வந்தால் பத்துப்பேர் செய்ததை இருவர் செய்வர். கையாடல் செய்தவன் நீக்கப்படுவான். இவை எல்லோரும் அறிந்தவை. இவற்றுள் அடங்காத வேறொரு வகையும் உண்டு. வேலை இருந்தபடியே இருக்கும். அதைச் செய்தவர்மீதும் குறை இராது. ஆயினும் அவரை அனுப்பிவிட்டு அதே இடத்தில் குறைந்த கூலிக்குப் புதியவர் ஒருவரை அமர்த்துவார்கள். பெரும்பாலும் இது 'சீரமைப்பு' என்பது போன்ற சொற்களின் மறைவில் நடப்பதால், நடந்தது இன்னதென்று மெய்ப்பிப்பது கடினம். ஆனால் மறைவு எதுவுமின்றி, காரணத்தையும் தானே அறிவித்து இதைச் செய்த கம்பெனி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அதன் பெயர் சர்க்கிட் சிட்டி.

அதன் தோற்றம் சுவையானது. 1949-ஆம் ஆண்டில் சாமுவேல் வுர்ட்செல் என்பவர் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் முடிதிருத்தும் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது, தென் மாநிலங்களின் முதல் தொலைக்காட்சி நிலையம் அங்கே தொடங்கப்போகும் செய்தியைக் கேட்டாராம். நிலையம் வந்தால் பெட்டி வேண்டுமல்லவா? உடனே அந்நகரில் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடையைத் திறந்தார். அது வளர்ந்து, 1984-இல் சர்க்கிட் சிட்டி என்னும் பெயரை ஏற்று, நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகளைக் கொண்டதாயிற்று. 2001-இல் ஜிம் காலின்ஸ் என்னும் நிர்வாகவியல் ஆசிரியர், நல்ல நிலையிலிருந்து உன்னத நிலைக்கு உயர்ந்தவை என்று தேர்ந்தெடுத்த 11 கம்பெனிகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய கடையில் விற்பனைச் சிப்பந்தியின் பங்கு என்னவென்று சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரிசியோ சர்க்கரையோ வாங்க வருபவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி, ஒலிக்கருவி, கணினி ஆகியவை அப்படியல்ல. விலை பெரிது, வாங்குபவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வாங்குகிறார், வகைகளோ மாதந்தோறும் மாறுகின்றன. வீட்டுக்கூடம் எவ்வளவு அகலம், யார் பார்ப்பார்கள், பழைய கருவி எது என்று இரண்டு மூன்று கேள்விகள் கேட்டு, பொருத்தமான பெட்டியைக் காட்டத் தெரிந்தவரே அங்கு விற்பனையாளர். கடைக்காரருக்குப் பெட்டியில் கிடைக்கும் இலாபம் சொற்பம். அதனோடு சேர்த்து விற்கும் கம்பிகள், துணைக்கருவிகள், நீட்டித்த பழுதுபார்ப்பு உத்தரவாதம் ஆகியவற்றில்தான் இலாபம் மிகுதி. அவற்றை வாடிக்கையாளர் மனங்கோணாமல் விற்பது பேச்சுத்திறனும் பொருளறிவும் கூடிய கலை. ஒரு வாரப் பயிற்சியில் வருவதன்று. சர்க்கிட் சிட்டி தன் சிப்பந்திகளுக்கு நெடுங்காலம் விற்பனையில் தரகு கொடுத்து வந்ததன் காரணம் இதுவே.

2003-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்தரகு முறை ஒழிக்கப்பட்டது. தரகில் மிகுதியாகச் சம்பாதித்த 3,900 பேர் நீக்கப்பட்டனர்; மணிக்கூலிக்கு 2,100 பேர் புதிதாக அமர்த்தப்பட்டனர். தரகில் மிகுதியாகச் சம்பாதித்தவர் என்றால் மிகுதியாக விற்றவர் என்பதே பொருள். ஆக, கம்பெனி பொறுக்கியெடுத்து அனுப்பியது தன் தலைசிறந்த விற்பனையாளர்களையே!

இரண்டாவது அடி 2007 மார்ச் 28-இல் விழுந்தது. அன்று ஏறத்தாழ 3,400 கடைச்சிப்பந்திகள் வேலை இழந்தனர். அவர்கள் சோம்பேறிகள் என்றோ, ஆட்கள் அதிகம் என்றோ கம்பெனி சொல்லவில்லை. அவர்கள் பெறும் சம்பளம், அவ்வேலைக்குச் சந்தையில் நிலவும் சம்பளத்தைவிட மிகவும் கூடுதலானது என்றும், அவர்களுக்குப் பதிலாகக் குறைந்த சம்பளத்தில் ஆள் எடுக்கப்படும் என்றும் வெளிப்படையாக அறிவித்தது. அக்'கூடுதல்' எவ்வளவு? ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி வகுத்த உச்சவரம்புக்குமேல் மணிக்கு 51 காசு கூடுதலாகப் பெற்றவரும் அப்பட்டியலில் இருந்ததாக அந்நாட்டு ஏடுகள் எழுதின. நல்ல வேலைக்காக ஆண்டுதோறும் கொடுத்த சம்பள உயர்வே அவர்களை அவ்வரம்புக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தது. நீக்கப்பட்டவர் பத்து வாரம் கழித்துத் தாம் பார்த்த அதே வேலைக்குக் குறைந்த கூலியில் மீண்டும் மனுச் செய்யலாம் என்னும் சலுகையும் அறிவிப்பில் இருந்தது. இதனைச் சலுகை என்று கூறுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

விளைவைக் காண நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்திற்குள்ளாகவே, பெரிய திரைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் விற்பனை சரிந்துவிட்டதென்றும் நட்டம் வருமென்றும் கம்பெனி எச்சரித்தது. அக்காலாண்டின் நட்டம் 5 கோடி அமெரிக்க வெள்ளியைத் தாண்டியது. சேவைக்கு விளக்கம் கேட்க வந்தவர்கள், விளக்கத் தெரிந்தவர் இல்லாத கடையில் ஏன் வாங்கவேண்டும்? விலை ஒன்றே அளவுகோல் என்றால் வால்மார்ட்டிலோ இணையத்திலோ இன்னும் மலிவாகக் கிடைக்குமே! 2008 நவம்பர் 10-இல் சர்க்கிட் சிட்டி திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது. 2009 ஜனவரியில் எஞ்சிய 567 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 34,000 பேர் வேலை இழந்தனர். மலிவான கூலிக்கு வந்தவர்களும் அவர்களுள் அடக்கம்.

எனினும், ஆட்குறைப்பு ஒன்றே அக்கம்பெனியைக் கொன்றது என்று எழுதினால் அது நேர்மையாகாது. அதன் கடைகள் பல மக்கள் நடமாட்டம் குறைந்துவிட்ட இடங்களில் இருந்தன. குளிர்பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றின் விற்பனையை முன்னரே கைவிட்டிருந்தது. பெஸ்ட் பை என்னும் போட்டிக் கம்பெனி முந்திவிட்டது. 2008-இன் நிதி நெருக்கடியில் சரக்குக் கொடுப்போரும் கடன் தரத் தயங்கினர். நோயாளிக்குப் பல பிணிகள் இருந்தன. அவன் தன் கையால் அருந்திய நஞ்சு இது ஒன்று.

இத்தனைக்கும் அமெரிக்கச் சட்டம் என்ன செய்தது என்னும் கேள்வி எழும். 1988-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 100 பேருக்கு மேற்பட்டோரை வைத்திருக்கும் முதலாளி பெருந்தொகையாக ஆட்குறைப்புச் செய்யுமுன் 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்கிறது. ஆனால் கணக்கு ஒவ்வொரு பணியிடத்திற்கும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. ஓரிடத்தில் 50 பேராவது நீக்கப்பட்டால்தான் அது பொருந்தும். நூற்றுக்கணக்கான கடைகளில் 3,400 பேரைப் பகிர்ந்தால் கடைக்குச் சிலரே ஆவர். வலையின் கண் பெரிது, மீன்கள் சிறியவை.

40 வயதைக் கடந்தவரை வயது காரணமாக ஒதுக்கக்கூடாது என்னும் 1967-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆனால் 1993-இல் ஹேசன் காகிதக் கம்பெனி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பணிக்காலம் வேறு, வயது வேறு என்று தீர்ப்பளித்தது. ஓய்வூதிய உரிமை கைகூடச் சில வாரங்களே இருந்தபோது நீக்கப்பட்ட 62 வயதினர் ஒருவரின் வழக்கு அது. ஆதலால், 'கிழவர் என்று நீக்கினேன்' என்று சொன்ன முதலாளி அகப்படுவார்; 'சம்பளம் அதிகம் என்று நீக்கினேன்' என்பவர் பெரும்பாலும் தப்பிவிடுவார்.

இவ்விடைவெளியை வேறு நாடுகள் வேறு வகையில் அடைக்க முயன்றன. இந்தியாவின் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட விதிகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஆட்குறைப்பு நேர்ந்தால், அப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போகவேண்டும். மாற்றிச் செய்தால் முதலாளி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். பின்னர் ஆள் தேவைப்பட்டால், நீக்கப்பட்டவருக்கே முதலுரிமை. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இவ்விதிகளை ஏற்றுக்கொண்டது. மலேசியாவில் 1975-ஆம் ஆண்டின் தொழில் இணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்பில் பணிக்காலத்தையும் கருதுமாறும், புதிதாக ஆள் எடுக்கையில் நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை தருமாறும் கூறுகிறது. அது சட்டமன்று, ஆயினும் தொழில் நீதிமன்றம் அதனைக் கருத்தில் கொள்ளலாம்.

சட்டம் இருந்தும் பயன்படாத கதை பிரிட்டனில் நடந்தது. 2022 மார்ச் 17-இல் பி அண்ட் ஓ ஃபெரீஸ் என்னும் கப்பல் கம்பெனி, முன்னறிவிப்பின்றி, பதிவுசெய்த காணொளி மூலம் 786 மாலுமிகளை நீக்கியது. தொழிற்சங்கங்களோடு முன்கூட்டியே கலந்து பேசவேண்டுமென்று சட்டம் இருப்பதை அறிந்தே மீறியதாக அதன் தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். சங்கங்கள் இணங்கமாட்டா என்பதே அவர் சொன்ன காரணம். நட்டஈடு கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பதாகவும் கூறினார். புதிய மாலுமிகளின் சராசரிக் கூலி மணிக்கு 5.50 பவுன். அப்போது கரையில் வளர்ந்தோர்க்குரிய குறைந்தபட்சக் கூலி 8.91 பவுன். கப்பல்கள் அயல்நாட்டுக் கொடி பறக்க, அயல்நாட்டுப் பாதைகளில் ஓடியமையால் அக்கூலிச் சட்டம் அவற்றை எட்டவில்லை. இதனையடுத்து, பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு அடிக்கடி வந்துபோகும் கப்பல்களின் மாலுமிகளுக்கும் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடான சம்பளம் தரவேண்டுமென்று 2023-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நீக்கப்பட்ட 786 பேரைத் திரும்பக் கப்பலேற்றும் விதி எதுவும் அதில் இல்லை.