ஜெராக்ஸ் கடை வென்றது; மற்றவர்கள்?

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட பக்கங்களை மட்டும் பல நூல்களிலிருந்து நகலெடுத்து, தொகுப்பாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றுவந்தது. 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் கடை மீதும் டெல்லி பல்கலைக்கழகம் மீதும் வழக்குப் போட்டன.

நான்கு ஆண்டுகள் கழித்து டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்றது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி, வகுப்பறை என உரிமையாளரின் அனுமதி தேவைப்படாத சூழல்களை அது வரிசைப்படுத்துகிறது. பிரெய்லி போன்ற வடிவங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நூல்களை ஆக்கித்தரும் உரிமையை 2012 திருத்தம் சேர்த்தது. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்றதும் இந்தியாதான். பெருமைப்பட வேண்டிய செயல் அது.

ஆனால் பட்டியலில் இல்லாத பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. பகடியும் மீமும் அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அமெரிக்கச் சட்டத்தின் 107-வது பிரிவு இப்படி வரையறுத்து மூடிவிடுவதில்லை. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் விளைவு ஆகிய நான்கையும் நீதிமன்றம் எடைபோடுகிறது.

பட்டியலில் இருப்பவர்களுக்கும் அச்சம் விலகவில்லை. திரைப்படத்தை விமர்சிக்கச் சில நொடிக் காட்சியைக் காட்டுபவருக்குச் சட்டம் துணை நிற்கலாம். ஆனால் யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகார்கள் நிலைத்தால் சேனலே பறிபோகும். அதோடு, பதிப்புரிமை மீறலைப் பிணையில் விட முடியாத குற்றமாக 2022-ல் உச்ச நீதிமன்றம் கருதியது. தண்டனை மூன்றாண்டு வரை போகலாம். நியாயம் தன் பக்கம் இருந்தாலும் தனி ஆள் ஒதுங்கிக்கொள்வதே இயல்பு.

எனவே திருத்தம் தொடங்க வேண்டிய இடம் தெளிவாகவே இருக்கிறது. 52-வது பிரிவில் நியாயமான பிற பயன்பாட்டுக்கும் கதவு திறக்க வேண்டும். பொய்ப் புகார் கொடுப்பவரிடம் இழப்பீட்டை எளிதாகப் பெற வழி வேண்டும். சிங்கப்பூரின் 2021-ம் ஆண்டுச் சட்டம், கணினிவழித் தரவுப் பகுப்பாய்வு போன்ற சில உரிமைகளை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் பறிக்க முடியாது என்கிறது. மின்நூல் உரிமங்களின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் நம் நூலகங்களுக்கும் அந்த ஒரு விதி பெரிய ஆறுதலாக இருக்கும்.