ஆறு கிண்ணம் விஷமும் ஒரு ராணியும்

அனுராதபுரத்து அனுலாவை மோகினிப் பேயாகச் சித்திரித்தது மகாவம்சம். ஆனால் குற்றப்பத்திரிகையை நிதானமாகப் படித்தால், காமத்தைவிட அரியணைச் சண்டைதான் அதிகம் தெரிகிறது.

முதலில் கணவன். அடுத்து, கணவனுக்குப் பின் அரியணை ஏறியவன். பிறகு வரிசையாக ஒரு வாயிற்காவலன், ஒரு தச்சன், ஒரு விறகு சுமப்பவன், ஒரு புரோகிதன். ஆறு பேருமே இலங்கையின் மன்னர்களாக இருந்தவர்கள். ஆறு பேருமே விஷத்தால் இறந்தவர்கள். விஷம் கொடுத்தவள் ஒரே பெண்.

கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அனுராதபுரத்தில் நடந்ததாக மகாவம்சம் 34-வது அத்தியாயத்தில் சொல்லும் கணக்கு இது. சோரநாகன் என்ற மன்னனின் பட்டத்து ராணி அனுலா. அரண்மனைக் காவலன் ஒருவன் மீது ஆசைப்பட்டுக் கணவனைக் கொன்றாள். அதே ஆசைக்காக அடுத்த மன்னன் திஸ்ஸனையும் கொன்று, காவலன் சிவனை அரசனாக்கினாள். அவன் ஓராண்டு இரண்டு மாதம். பிறகு வடுகன் என்ற தமிழன்; அவனும் ஓராண்டு இரண்டு மாதம். பிறகு விறகு சுமந்த தாருபதிக திஸ்ஸன், ஓராண்டு ஒரு மாதம். பிறகு நீலியன் என்ற தமிழ்ப் பிராமணன், ஆறு மாதம். கடைசியில் 32 காவலர்களோடு இஷ்டம்போல் இருக்க விரும்பி நீலியனையும் தீர்த்துவிட்டு, நான்கு மாதம் தானே ஆண்டாள். அதன்பின் குடகண்ண திஸ்ஸன் படையோடு வந்து அவளைக் கொன்றான். அரண்மனையிலேயே வைத்து எரித்துவிட்டான் என்றும் சொல்வதுண்டு.

இலங்கையில் தனித்து ஆட்சி செய்ததாக ஏடுகளில் பதிவான முதல் ராணி அனுலா. அந்தப் பெருமையைவிட, விஷக்காரி என்ற பட்டம்தான் நிலைத்துவிட்டது.

இந்தக் கதையை எழுதியவர்கள் யார் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். மகாவம்சம் மகாவிகாரை என்ற மடத்தைச் சேர்ந்த பிக்குகளின் நூல். மகாநாமர் இயற்றியதாகச் சொல்லப்படும் அது உருவானது கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில். அதாவது, அனுலா இறந்து ஐந்நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து. நல்லவர்களின் மனதில் பக்தியை வளர்ப்பதுதான் தன் நோக்கம் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்த நூலே ஒப்புக்கொள்கிறது. பக்தி வளர்ப்பதற்கு நல்ல ராஜாக்கள் மட்டும் போதாது. கெட்ட ராணி ஒருத்தியும் தேவைப்படலாம்.

அதே மரபில் வந்த இன்னொரு நூலும் இருக்கிறது. சுமார் ஒரு நூற்றாண்டு முந்தைய தீபவம்சம். ஹெர்மன் ஓல்டன்பர்க் 1879-ல் அதைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் தந்தார். மகாவம்சத்துக்கு வில்ஹெல்ம் கைகரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1912-ல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது சுவாரஸ்யமான விஷயம் ஒன்று கண்ணில் படுகிறது. பழைய நூலில் அனுலாவுக்குக் கிடைப்பது சில வரிகள்தான். சிவன் ராணியோடு வாழ்ந்து ஆட்சி செய்தான் என்கிறது. இத்தனை மாதம் ஆண்டார்கள் என்ற கணக்கைக் கொடுக்கிறது. இந்தச் சிறப்பான ஆண்களைக் கொன்று அனுலா நான்கு மாதம் ஆண்டாள் என்று முடிக்கிறது. கொலை இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் மோகமும், 32 காவலர்களும் அங்கே இல்லை. அவையெல்லாம் பின்னால் வந்த நூலின் கைவண்ணம்.

வடுகன் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. மகாவம்சத்தில் அவன் நகரத்துத் தச்சன். தீபவம்சத்திலோ வேறு தேசத்திலிருந்து வந்த அரசன்! நீலியனும் அங்கே புரோகிதன் அல்ல, தமிழ் அரசன்; ஆண்டதும் மூன்றே மாதம். தச்சனைப் பார்த்து மயங்கிய ராணியின் கதை வேறு. தமிழ் அரசன் ஒருவனோடு சேர்ந்து ஆண்ட ராணியின் கதை வேறு. முதலாவது வம்பு. இரண்டாவது அரசியல்.

அந்த அரசியல் அந்தக் காலத்துக்குப் புதிதும் அல்ல. அனுலாவின் மாமனார் வட்டகாமணி ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே, தமிழகத்திலிருந்து படையோடு வந்தவர்களிடம் நாட்டை இழந்து காட்டில் ஒளிந்தவன். தமிழ்த் தலைவர்கள் ஐந்து பேர் அடுத்தடுத்து அனுராதபுரத்தை 14 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட பிறகுதான் மீட்டான். அனுலாவின் நாளில் அந்த நினைவு பசுமையாகவே இருந்திருக்கும். தமிழர் ஒருவர் அரியணையில் அமர்வதற்குக் காதல் விவகாரம் ஒன்றும் அவசியமில்லை.

மகாவம்சம் சொல்லும் கதைக்குள்ளேயே ஓர் ஓட்டை இருக்கிறது. காவலன் சிவனுக்காகத்தான் கணவனைக் கொன்றாள் என்றால், உடனே சிவன் அல்லவா அரசனாகியிருக்க வேண்டும்? ஆகவில்லை. இடையில் திஸ்ஸன் மூன்று வருடம் ஆண்டான். ஆசை கண்ணை மறைத்த பெண் மூன்று வருடம் சும்மா இருந்தாளா?

யார் இந்தத் திஸ்ஸன்? இங்கேதான் குடும்பச் சண்டை வெளியே வருகிறது. வட்டகாமணியின் அண்ணன் கல்லாட நாகனைச் சேனாதிபதி ஒருவன் கொன்றான். சேனாதிபதியைக் கொன்று பட்டமேறிய வட்டகாமணி, அண்ணன் மகன் மகாசூளியைத் தன் மகனாக ஏற்றுக்கொண்டான். வட்டகாமணிக்குப் பின் 14 வருடம் ஆண்டவன் அந்த மகாசூளிதான். சொந்த மகன் சோரநாகன் அவனை எதிர்த்துக் கலகம் செய்து திரிந்தான். பிறகு அரசனாகி 12 வருடம் ஆண்டான். அவன் செத்ததும் பட்டத்துக்கு வந்த திஸ்ஸன், மகாசூளியின் மகன். கடைசியில் அனுலாவைக் கொன்று அரசனான குடகண்ண திஸ்ஸனும் மகாசூளியின் இன்னொரு மகன். சோரநாகன் சாவால் முதலில் லாபம் அடைந்தது எதிர்க்கிளை. அனுலாவின் சாவால் முழு லாபமும் அடைந்தது அதே கிளை. சோரநாகன் கொலையில் அந்தக் கிளைக்குப் பங்கிருந்ததா என்ற கேள்வியை நூல் எழுப்பவே இல்லை.

சோரநாகன் மீதும் அந்த நூலுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கலகக் காலத்தில் தனக்கு அடைக்கலம் தராத 18 விகாரைகளை அவன் இடித்தான். செத்து நரகத்துக்குப் போனான் என்கிறது. நரகத்துக்குரிய அரசனை ஒழித்ததற்காகவாவது அனுலாவுக்குக் கொஞ்சம் புண்ணியம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

மகாவம்சத்துக்கு நியாய உணர்ச்சி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எல்லாளன் 44 வருடம் ஆண்டதையும், நண்பன் பகைவன் பாராமல் நீதி வழங்கியதையும் சொன்னது அந்த நூல்தான். மனுநீதிச் சோழன் கதையில் வரும் அதே ஆராய்ச்சி மணியை அது எல்லாளன் வாசலில் தொங்கவிடுகிறது. போரில் வீழ்ந்த எதிரிக்குத் துட்டகைமுனு மரியாதை செய்ததையும் மறைக்கவில்லை. பௌத்தன் அல்லாத தமிழ் அரசனுக்குக் கிடைத்த அந்த நியாயம், சிங்கள அரசவம்சத்தின் ராணிக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு அனுலாவின் கதையைப் பார்த்தால் இது மேலும் புரியும். கல்லாட நாகனின் விதவையான அனுலாதேவியைத் தம்பி வட்டகாமணி தன் ராணியாக்கிக்கொண்டான். நூலுக்கு அதில் குறை ஏதும் தெரியவில்லை. இறந்த அரசனின் ராணியை அடைவது அரசுரிமையை உறுதி செய்யும் வழிகளில் ஒன்று. சிவனும் அனுலாவைத் தன் பட்டத்து ராணியாக்கியே ஆண்டான். நகர வாசலைக் கையில் வைத்திருக்கும் காவலனுக்கு ஆயுதம் இருந்தது. அரச பரம்பரை இல்லை. அதைக் கொடுக்கக்கூடியவள் அனுலா. யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள்?

ராணிகள் மீது படுக்கையறைப் பழி விழுவது உலகெங்கும் நடந்ததுதான். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தன் மனைவி ஆன் போலினை 1536 மே 19 அன்று தலை வெட்டிக் கொன்றான். சொந்த அண்ணன் தம்பி உறவையும் விடாமல் ஐந்து ஆண்களோடு கள்ள உறவு என்று குற்றச்சாட்டு. குறிப்பிட்ட தேதிகள் பலவற்றில் சம்பந்தப்பட்டவர்கள் அந்த இடத்திலேயே இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். தலை விழுந்த பதினோராவது நாள் ஹென்றிக்கு அடுத்த கல்யாணம். 1793-ல் பிரெஞ்சுப் புரட்சி நீதிமன்றம் மரி அந்துவானெத் மீது, பெற்ற மகனைக் கெடுத்தாள் என்றுகூடச் சொன்னது. அனுலாவின் சமகாலத்தவளான எகிப்தின் கிளியோபாட்ரா கதையோ, அவளைத் தோற்கடித்த ரோமானியர் எழுதியபடிதான் உலகுக்குக் கிடைத்தது.

ஆன் போலினுக்கு நீதிமன்ற ஆவணங்கள் மிஞ்சின. அவளுக்காக வாதாட ஆய்வாளர்களுக்குத் தேதிகள் கிடைத்தன. அனுலாவுக்கு இருப்பவை இரண்டு நூல்கள். இரண்டுமே பிக்குகளின் மரபில் வந்தவை. அவளை நிரபராதி என்று அவற்றிலிருந்து நிரூபிக்க முடியாது. கொலைகள் நடந்திருக்கலாம்; சிலவற்றில் அவள் கையும் இருந்திருக்கலாம். அந்தக் காலத்து அனுராதபுரத்தில் அரசனைக் கொன்று அரசனாவது ஆண்களுக்குச் சகஜமான வழி. அவர்களில் ஒருவரைப் பற்றியும், ஆசை தாங்காமல் கொன்றான் என்று ஏடு சொல்லவில்லை.

குடகண்ண திஸ்ஸன் எப்படித் திரும்பி வந்தான் என்பதும் கவனிக்க வேண்டியது. அனுலாவுக்குப் பயந்து ஓடிப்போய் பிக்குவானவன் அவன். காவி உடுத்தியவன் அதைக் களைந்து, படை திரட்டி, அரச குலப் பெண்ணைக் கொன்று முடி சூடினான். கொல்லப்பட்டவள் துஷ்டையாக இருந்தால்தான் இதற்கெல்லாம் நியாயம் கற்பிக்க முடியும். பிறகு அவன் மிகிந்தலையில் உபோசத மண்டபம் கட்டினான். போதி மரம் நட்டான். தாய் பிக்குணியாக இருந்ததால் பிக்குணிகளுக்கு இருப்பிடம் அமைத்தான். மடத்து ஏடு அத்தனையையும் மறக்காமல் எழுதி வைத்தது.

அவன் 22 வருடம் ஆண்டான். அந்த ஆட்சியின் வேலைகளில் இன்னொன்றும் மகாவம்சத்தில் பதிவாகியிருக்கிறது. வாயிற்காவலன் ஒருவன் அரசனாகிவிட்டிருந்த அந்த நகரத்தைச் சுற்றி, குடகண்ண திஸ்ஸன் ஏழு முழ உயரத்துக்கு மதில் எழுப்பி அகழியும் வெட்டினான்.