எல்சிடி தொலைக்காட்சியிலிருந்து ஓஎல்இடி திரைக்கு மாறுதல்

எல்சிடி தொலைக்காட்சியிலிருந்து ஓஎல்இடி திரைக்கு மாறுதல் என்பது, பின்னாலுள்ள விளக்கின் ஒளியைக் கொண்டு படம் காட்டும் பழைய தட்டைத் திரைக்குப் பதிலாக, ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் திரையை வீட்டில் அமைப்பதைக் குறிக்கும். இம்மாற்றத்தால் கருமை, நிறச்செறிவு, பார்வைக் கோணம் ஆகியவை தெளிவாக மேம்படும். ஆனால் அந்த மேம்பாடு எல்லா வீட்டிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அறையின் வெளிச்சம், வரும் சமிக்ஞையின் தரம், எந்த நிகழ்ச்சி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பவை அதைத் தீர்மானிக்கின்றன. வெயில் மிகுந்ததும் கேபிள் இணைப்பு பரவலாக உள்ளதுமான சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதியில் இவை மூன்றும் முக்கியமானவை.

பெயர்க் குழப்பம்

எல்சிடி என்பது நீர்மப் படிகத் திரை. ஓஎல்இடி என்பது கரிம ஒளியுமிழ் இருமுனையம். கடைகளில் 'எல்இடி டிவி' என்று விற்கப்படுவது தனி வகைத் திரை அன்று. அதுவும் எல்சிடி திரையே. பின்னொளிக்கு மட்டும் குழல் விளக்குக்குப் பதிலாக எல்இடி விளக்குகள் வைக்கப்பட்டிருக்கும். 'க்யூஎல்இடி' என்ற பெயரில் வருபவையும் பெரும்பாலும் குவாண்டம் புள்ளிப் படலம் சேர்த்த எல்சிடி திரைகளே. எழுத்துகள் ஒத்திருப்பதால் எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடுவது பொதுவான தவறு. பின்னொளி இல்லாதது இவற்றுள் ஓஎல்இடி மட்டுமே.

வரலாறு

1888இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், ஒரு கொலஸ்டிரால் சேர்மம் இரு வேறு வெப்பநிலைகளில் இரு முறை உருகுவதைக் கண்டார். திண்மத்துக்கும் நீர்மத்துக்கும் இடைப்பட்ட அந்நிலை பின்னர் நீர்மப் படிகம் எனப்பட்டது. 1968இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் நீர்மப் படிகக் காட்சித் திரையை வெளியுலகுக்கு அறிவித்தனர்.

இத்துறையில் இந்தியப் பங்களிப்பும் உண்டு. சர் சி. வி. இராமனின் உறவினரான சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் தம் குழுவினருடன் 1977இல் வட்டு வடிவ மூலக்கூறுகளாலான நீர்மப் படிகங்களைக் கண்டுபிடித்தார். இவ்வகைச் சேர்மங்களாலான படலம் பிற்காலத்தில் எல்சிடி திரையின் பார்வைக் கோணத்தை விரிவாக்கப் பயன்பட்டது.

ஓஎல்இடியின் தொடக்கம் 1987. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் மெல்லிய கரிமப் படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரச் செய்தனர். 2007இல் சோனி 11 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013இல் எல்ஜி 55 அங்குலத் திரையை வெளியிட்டது.

தமிழ்நாட்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வழங்கப்பட்டவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள். அவற்றின் இடத்தைப் பின்னர் பல வீடுகளில் எல்சிடி திரைகள் பிடித்தன.

எல்சிடி செயல்படும் முறை

எல்சிடி திரையில் பின்னொளி எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் முன் முனைவாக்கித் தகடு, நீர்மப் படிகப் படலம், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள், இன்னொரு முனைவாக்கித் தகடு ஆகியவை அடுக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் மாறும்போது படிக மூலக்கூறுகள் திசை மாறி ஒளியைக் கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. எரியும் விளக்கின் முன் சன்னல் கதவைத் திறந்து மூடுவது போன்றது இது. கதவை எவ்வளவு இறுக மூடினாலும் இடுக்கில் சிறிது வெளிச்சம் கசியும். இரவுக் காட்சிகளில் எல்சிடி திரையின் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிவது இதனாலேயே. பழைய மாதிரிகளின் பின்னொளி, சிறிதளவு பாதரசம் கொண்ட குளிர்முனைக் குழல் விளக்காகும்.

ஓஎல்இடி செயல்படும் முறை

ஓஎல்இடி திரையில் இரு மின்முனைகளுக்கு இடையே கரிமச் சேர்மப் படலங்கள் உள்ளன. ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்களும் மறு முனையிலிருந்து மின்துளைகளும் வந்து படலத்தில் இணையும்போது ஒளி பிறக்கிறது. மின்னோட்டம் நின்றால் அந்தப் புள்ளி முழுவதும் அணைந்துவிடும். 4கே திரை ஒன்றில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனி விளக்காக எரிந்து அணையக்கூடியது. பழைய படக்குழாய்ப் பெட்டியிலும் பாஸ்பரப் பூச்சு தானே ஒளிர்ந்தது. அவ்வகையில் ஓஎல்இடி அந்தப் பழைய முறைக்கே வேறு வழியில் திரும்பியதாகும்.

இதில் இரு முக்கிய வகைகள் உள்ளன. ஒன்று, வெள்ளை ஒளியை உண்டாக்கி நிற வடிகட்டிகளால் பிரிப்பது. மற்றொன்று, நீல ஒளியைக் குவாண்டம் புள்ளிகளால் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவது. பின்னது 2022இல் சந்தைக்கு வந்தது.

சமிக்ஞையும் பார்க்கும் தொலைவும்

புதிய திரை வாங்கியவர்கள் சிலர் 'பழைய டிவியில் இதைவிட நன்றாகத் தெரிந்தது' என்று சொல்வதுண்டு. காரணம் திரையில் இல்லை, சமிக்ஞையில் உள்ளது. சாதாரணத் தரக் கேபிள் ஒளிபரப்பின் படம் 720 × 576 புள்ளிகள் கொண்டது. 4கே திரையின் புள்ளிகள் இதைப் போல் சரியாக 20 மடங்கு. அப்படியானால் வரும் ஒவ்வொரு புள்ளியையும் கொண்டு தொலைக்காட்சி 20 புள்ளிகளை இட்டு நிரப்ப வேண்டும்.

மனிதக் கண் பொதுவாக ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும் என்று கொண்டு, அகலவாக்கில் கீழ்க்காணும் கணக்கைச் செய்யலாம்.

55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ. சாதாரணத் தரப் படத்தின் ஒரு புள்ளி அதில் 1.7 மி.மீ. அகலம் பெறும். அது கண்ணுக்குத் தனியாகத் தெரியாதிருக்க ஏறத்தாழ 5.8 மீட்டர் தள்ளி அமர வேண்டும்.
32 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 71 செ.மீ. அதே படத்துக்கு 3.4 மீட்டர் போதும்.
55 அங்குலத் திரையில் முழு எச்டி படத்துக்கு 2.2 மீட்டர், 4கே படத்துக்கு 1.1 மீட்டர் போதும்.

பத்தடிக்குப் பத்தடி முன்னறையில் பார்ப்பவர் ஏறத்தாழ 2.5 மீட்டர் தொலைவில் அமர்வார். அங்கே சாதாரணத் தரக் கேபிள் படம் பெரிய திரையில் மங்கலாகவே தெரியும். எச்டி படம் தெளிவாக இருக்கும். எச்டிக்கும் 4கேவுக்கும் உள்ள புள்ளி வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். எனவே திரையை மாற்றும்போதே எச்டி செட்டாப் பெட்டிக்கோ இணையவழி ஒளிபரப்புக்கோ மாறுவது அவசியமாகிறது. பழைய செட்டாப் பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளைச் செருகும் இடம் சில புதிய தொலைக்காட்சிகளில் இருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

வெளிச்சமும் வெப்பமும்

ஓஎல்இடியின் முழுச் சிறப்பும் மங்கலான அறையில் வெளிப்படும். பகலில் வாசற்கதவைத் திறந்தே வைத்திருக்கும் வீடுகளில், தெருவின் வெளிச்சம் திரையில் பிரதிபலித்து ஆழ்ந்த கருமையை மறைத்துவிடும். குவாண்டம் புள்ளி வகைத் திரைகளில் வெளிச்சம் விழும்போது கருமை சற்றுச் சாம்பலாகவும் தோன்றலாம். திரை முழுவதும் வெண்மையாக இருக்கும் காட்சிகளில் ஓஎல்இடி தன் பிரகாசத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பகல் நேரத்தில் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு நல்ல பின்னொளி கொண்ட எல்சிடி திரையே பொருத்தமாக அமையலாம். வாசலுக்கும் சன்னலுக்கும் எதிர்ச்சுவரில் திரையை மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுவது செலவில்லாத தீர்வு.

வெப்பம் கரிமப் படலங்களின் தேய்வை விரைவுபடுத்தும். தொலைக்காட்சிக் கையேடுகள் பொதுவாக 40 பாகை செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தையே அனுமதிக்கின்றன. சித்திரை, வைகாசியில் சேலம் பகுதி வெப்பம் இந்த அளவை நெருங்கும். தகரக் கூரை அல்லது அட்டைக் கூரை வீடுகளில் காற்றோட்டம் தேவை. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை போன்ற தறி மிகுந்த ஊர்களில் பஞ்சுத் தூசி காற்றுத் துளைகளை அடைக்கக்கூடும். திரையை ஈரமில்லாத மென்துணியால் மட்டும் துடைக்க வேண்டும்.

தடம் பதிதல்

ஓஎல்இடியின் முதன்மைக் குறை இதுவே. ஒளிரும்தோறும் கரிமப் படலம் சிறிது தேய்கிறது. நீல ஒளி தரும் சேர்மம் மற்றவற்றைவிட விரைவில் தேயும். திரை முழுவதும் சமமாகத் தேய்ந்தால் வேறுபாடு தெரியாது. ஒரே இடத்தில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால், அந்த இடம் மட்டும் மங்கி நிலையான தடமாகிவிடும். செய்தித் தொலைக்காட்சிகளின் அடிப்பட்டை, ஓரத்தில் நிற்கும் சின்னம், கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்குப் பெட்டி ஆகியவை இதற்குக் காரணமாகும்.

வயதானவர்கள் உள்ள வீட்டில் ஒரே செய்தி அலைவரிசை நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால், ஓராண்டில் அதே பட்டை 2,190 மணி நேரம் அதே இடத்தில் நிற்கும். இரவில் 2 மணி நேரம் வெவ்வேறு படங்கள் பார்க்கும் வீட்டில் ஓராண்டின் மொத்த நேரமே 730 மணி. அதிலும் படம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே தொலைக்காட்சி முதல் வீட்டில் விரைவில் கெடவும் இரண்டாம் வீட்டில் பல ஆண்டு உழைக்கவும் வாய்ப்புண்டு. தடம் பதிதலுக்கு உத்தரவாதம் பொருந்துமா என்பதை வாங்கும் முன் உத்தரவாத அட்டையில் படித்தறிய வேண்டும்.

தடத்தைத் தடுக்கத் தொலைக்காட்சிக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. எடுத்துக்காட்டாக, மொத்தம் 4 மணி நேரம் ஓடிய பின் ரிமோட்டால் அணைத்தால், சில மாதிரிகள் சில நிமிடங்கள் உள்ளுக்குள் இயங்கித் தேய்வைச் சமன்செய்யும். அப்போது மின்சாரம் இருக்க வேண்டும். தொலைக்காட்சி பார்த்து முடித்ததும் சுவரிலுள்ள சுவிட்சையே அணைத்துவிடுவது நம் வீடுகளில் நல்ல பழக்கமாகக் கற்பிக்கப்பட்டது. படக்குழாய்ப் பெட்டிக்கும் எல்சிடிக்கும் அது சரியே. ஓஎல்இடிக்கு அப்பழக்கம் தீங்கு செய்யும். சமன்செய்யும் பணி ஒருபோதும் நிறைவேறாது. ரிமோட்டால் அணைத்துச் சிறிது நேரம் விட்டு, பிறகு தேவையானால் சுவிட்சை அணைக்கலாம். கோடை இடிமழையின்போது மட்டும் உடனே மின்செருகியையும் கேபிளையும் கழற்றுவதே பாதுகாப்பு.

மின் செலவு

100 வாட் மின்சாரம் எடுக்கும் தொலைக்காட்சி நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால், இரு மாதத்துக்கு 30 யூனிட் ஆகும். எல்சிடியில் பின்னொளி எரிவதால் இருண்ட காட்சியிலும் செலவு பெரிதும் குறையாது. ஓஎல்இடியில் காட்சியின் ஒளிக்கேற்ப மாறும். ஆனால் 32 அங்குலத்திலிருந்து 55 அங்குலத்துக்கு மாறும்போது திரைப் பரப்பு ஏறத்தாழ 3 மடங்காவதால், மின்கட்டணம் குறையும் என்று எதிர்பார்க்க இயலாது.

எப்போது மாறலாம்

ஓஎல்இடி திரை அதே அளவு எல்சிடியைவிடக் கணிசமாக விலை கூடியது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்த பின்னும் இந்த இடைவெளி நீடிக்கிறது. இரவில் திரைப்படமும் இணையத் தொடரும் பார்ப்போர், பக்கவாட்டில் பலர் அமர்ந்து பார்க்கும் குடும்பங்கள், எச்டி அல்லது 4கே சமிக்ஞை உள்ள வீடுகள் ஆகியவற்றுக்கு இம்மாற்றம் பயன் தரும். நாள் முழுவதும் செய்தி ஓடும் வீடு, கடை, மருத்துவமனைக் காத்திருப்பு அறை போன்ற இடங்களுக்கு எல்சிடியே ஏற்றது. இரண்டும் தேவைப்படும் வீட்டில், பழைய எல்சிடியைச் செய்திக்கு வைத்துக்கொண்டு புதியதை இரவுப் பயன்பாட்டுக்கு வைப்பது இரு திரைகளின் ஆயுளையும் காக்கும்.

பழைய எல்சிடி தொலைக்காட்சியில் ஒலி வந்து படம் வராவிட்டால், பல நேரங்களில் கெட்டிருப்பது பின்னொளி மட்டுமே. இருட்டறையில் திரைமேல் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரியும். எல்இடி பின்னொளிப் பட்டைகளை உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர்களே மாற்றித் தருவதுண்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் புதியது வாங்குவது வீண் செலவாகலாம்.

பழைய தொலைக்காட்சியை அகற்றுதல்

குழல் விளக்குப் பின்னொளி கொண்ட எல்சிடி திரையைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதோ உடைப்பதோ கூடாது. விளக்குகள் உடைந்தால் பாதரச ஆவி வெளியேறும். உடைக்கும் தொழிலாளியே முதலில் பாதிக்கப்படுவார். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இன்படி, கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தி நிறுவனங்களுக்கு உண்டு. நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைப்பது முறையாகும். மாற்றுத் திட்டத்தில் கடைக்காரர் பழையதைப் பெற்றுக்கொண்டால், அது எங்கே போகிறது என்று கேட்டறிவதும் வாங்குபவரின் கடமை.